இருட்டறை ஒழுங்கில் கணினியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் திருத்துவது எப்படி?

கணினியில் ஒளிப்படத்தைத் திருத்துவதைக் கலை என்று ஒப்புக்கொள்ளலாமா, அல்லது இருட்டறையில் நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழச் செய்யும் என்லார்ஜருக்கு அடியில் நின்று கைப்பட அச்சிடுவதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியதா என்ற விவாதம் ஒளிப்படக்காரர்கள் கூடும் இடங்களில் இன்னமும் ஓயவில்லை. இரண்டும் ஒரே வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. காட்சியில் விழுந்த வெளிச்சத்தில் எந்த இடம் துலங்க வேண்டும், எந்த இடம் அடங்க வேண்டும் என்று முடிவெடுத்து, அந்த முடிவைத் தாளில் நிறைவேற்றுவதே இரண்டிலும் நடக்கிறது. வேறுபடுவது வேலையின் ஒழுங்கு. இருட்டறையில் தாளும் ரசாயனமும் காசைக் கரைத்தன, ஒவ்வொரு அச்சும் நேரத்தைத் தின்றது. ஆகவே அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்காமல் யாரும் கை வைக்கவில்லை. கணினியில் அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் ஸ்லைடர்களை மனம்போன போக்கில் இழுத்து, கடைசியில் எதற்காக இழுத்தோம் என்பதே மறந்துபோன படங்கள் பெருகிவிட்டன. பழைய ஒழுங்கை நாமாகவே கணினிக்குள் கொண்டுவந்தால் என்ன செய்யலாம் என்பதை ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை முதலிலிருந்து கடைசி வரை எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன். ஃபோட்டோஷாப், லைட்ரூம் வைத்திருப்பவர்கள் அவற்றிலேயே செய்யலாம். பணம் கட்டாமல் கிடைக்கும் டார்க்டேபிள், கிம்ப் ஆகிய இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டாலும் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். இருட்டறைப் படம் உள்ளது உள்ளபடி இருந்தது, கணினி வந்த பிறகுதான் படங்கள் பொய் பேசத் தொடங்கின என்று பலர் நம்புகிறார்கள். ஹென்றி பீச் ராபின்சன் என்ற ஆங்கிலேயர் 1858-லேயே ஐந்து நெகட்டிவ்களை இணைத்து, சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு பெண்ணும் அவளைச் சூழ்ந்த குடும்பமும் உள்ள ஒரே படத்தை உருவாக்கினார். செய்திப் படங்களின் மாபெரும் கலைஞராகப் போற்றப்படும் யூஜின் ஸ்மித், மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பற்றி 1954-இல் வெளியிட்ட படத்தொகுப்பின் முதல் படத்தில் வேறொரு நெகட்டிவிலிருந்து ஒரு ரம்பக் கைப்பிடியையும் ஒரு கையின் நிழலுருவையும் சேர்த்திருந்தார். நம் ஊர் ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ செய்தவர்களின் வேலையும் இதே வகையைச் சேர்ந்தது. சாய்வான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, கீழிருந்து வெளிச்சம் வரச் செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பும் கண்ணடிச் சுருக்கமும் இருந்த இடங்களில் புள்ளி புள்ளியாகக் கரியை நிரப்பினார்கள். நெகட்டிவில் கரி ஏறிய இடம் அச்சில் வெளுத்துவிடும். ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ தாளில் அச்சாகிச் சுவர்களில் தொங்கிய எத்தனையோ முகங்கள் இப்படிக் கை பட்டவைதான்.

ஃபோட்டோஷாப்பும் இருட்டறைக்கு அந்நியமானதன்று. அதை உருவாக்கிய தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் தந்தை அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் இருட்டறை வைத்திருந்தார்; மகன்கள் அங்கே அச்சிடக் கற்றவர்கள். 1990-இல் வெளிவந்த அந்த மென்பொருளில் ஓரிடத்தை மட்டும் வெளுப்பாக்கும் டாட்ஜ் கருவிக்குக் குச்சியில் செருகிய வட்ட அட்டையும், ஓரிடத்தை மட்டும் இருட்டாக்கும் பர்ன் கருவிக்கு ஒளி புகும்படி குவித்த கையும் சின்னங்களாக அமைந்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

நாம் எடுத்துக்கொள்ளும் படம் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் காலை வெயிலில் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வெயில் விழுகிறது. தலையில் உப்புச் சட்டியுடன் ஒரு பெண் வரப்பில் நடந்து வருகிறார்; சட்டியின் நிழல் முகத்தில் விழுந்திருக்கிறது. அவருக்குப் பின்னால் கண்ணைக் கூசும் உப்புக் குவியல், மேலே மெல்லிய மேகங்கள் படர்ந்த வானம். மிக வெளுத்த பொருளும் நிழலில் இருக்கும் கரிய முகமும் ஒரே சட்டத்துக்குள் இருப்பதால், அச்சுக் கலையின் எல்லாச் சிக்கல்களையும் இந்த ஒரு படத்திலேயே சந்தித்துவிடலாம்.

திரையும் அறையும்

இருட்டறையில் சிவப்பு விளக்கின் அளவைக்கூடச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தாளைப் பிரித்தார்கள். கணினியில் அந்த இடத்தில் இருப்பது திரையின் வெளிச்சம். வாங்கி வந்தபடியே முழுப் பிரகாசத்தில் இருக்கும் திரையில் திருத்திய படம் தாளில் இருண்டு வருவது நாம் அடிக்கடி கேட்கும் புகார். திரை கூடுதலாக ஒளிர்வதால் படத்தை நாமே தேவைக்கு மேல் இருட்டாக்கிவிடுகிறோம். அச்சுக்கான வேலைக்குத் திரையின் வெண்மை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா வரை இருந்தால் போதும். அளவிடும் கருவி இல்லாதவர்கள், வெள்ளைத் தாள் ஒன்றை அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும் வரை பிரகாசத்தைக் குறைக்கலாம். ஜன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. மென்பொருளின் பின்னணி நிறத்தை நடுத்தரச் சாம்பலாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணியில் எந்தப் படமும் இருக்கும் அளவைவிட வெளிச்சமாகவும் துடிப்பாகவும் தோன்றி நம்மை ஏமாற்றும்.

நெகட்டிவின் இடத்தில் ரா கோப்பு

ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளை மட்டுமே வைத்திருக்கிறது. கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில், அது 14 பிட்டாக இருந்தால், 16,384 படிகள் இருக்கின்றன. வானத்தை இருட்டாக்கும்போது ஜேபெக்கில் பட்டை பட்டையாக வரி விழுவதும், ராவில் வழவழப்பாக இறங்குவதும் இதனால்தான். ஆகவே ராவில் எடுங்கள். ராவைத் திறந்த பிறகு 16 பிட் நிலையிலேயே கடைசி வரை வேலை செய்யுங்கள்.

எடுக்கும்போதே நினைவில் கொள்ள வேண்டிய தலைகீழ் விதி ஒன்றும் உண்டு. நெகட்டிவ் ஃபிலிமில் நிழலுக்குப் போதிய ஒளி கிடைக்காவிட்டால் அங்கே எதுவுமே பதியாது, வெற்று ஃபிலிம்தான் மிஞ்சும். வெளுத்த பகுதி கொஞ்சம் கூடினாலும் இருட்டறையில் மீட்டுவிடலாம். டிஜிட்டலில் நிழலை மீட்கலாம், வெளுத்துத் தெறித்த பகுதியை மீட்கவே முடியாது. உப்பளப் படத்தில் உப்புக் குவியலின் வெயில் பக்கம் தெறிக்காதபடி எக்ஸ்போஷர் (ஒளியளவு) வைத்ததால் முகம் இருண்டு கிடப்பது சரியான நெகட்டிவ்தான். முகத்தைத் தூக்குவது நம் அடுத்த வேலை.

தேர்வு

ஃபிலிம்காரர்கள் ஒரு சுருளின் 36 சட்டங்களையும் ஒரே தாளில் கான்டாக்ட் ஷீட்டாக அச்சிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் ஒன்றிரண்டை மட்டும் குறித்தார்கள். கணினியிலும் படங்களைச் சின்ன அளவிலேயே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தபால்தலை அளவில் ஒளியும் நிழலும் நிற்காத படம் பெரிதாக்கினாலும் நிற்காது. ஒரே காட்சியின் பத்துப் படங்களையும் திருத்திப் பார்த்துப் பிறகு முடிவு செய்யலாம் என்று இருப்பது நேரத்தையும் கண்ணின் கூர்மையையும் சேர்த்தே வீணாக்கும்.

சோதனைத் துண்டு

நேராகப் பெரிய தாளை வைத்து அச்சிடத் தொடங்கும் அச்சுக்காரர் கிடையாது. ஒரு துண்டுத் தாளை எடுத்து, அட்டையால் மறைத்து மறைத்து நகர்த்தி, 4, 5.6, 8, 11, 16, 22 விநாடி என்று படிப்படியாக ஒளி காட்டி, டெவலப்பரில் போட்டு எடுத்து, வெள்ளை விளக்கைப் போட்டுப் பார்த்துத்தான் நேரத்தை முடிவு செய்தார்கள். அந்தத் துண்டின் பெரிய நன்மை ஒப்பீடு: ஐந்தாறு அடர்த்திகள் அருகருகே இருக்கும்போது கண் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஒரே ஸ்லைடரை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தால் கண் ஒவ்வொரு நிலைக்கும் பழகிப்போய், எதுவும் சரியாகத் தோன்றத் தொடங்கிவிடும்.

இதைக் கணினியில் செய்வது எளிது. ரா மென்பொருளில் படத்தின் நகல்களை உருவாக்குங்கள். லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் இந்த நகல்கள் வட்டில் இடம் பிடிப்பதில்லை. எக்ஸ்போஷரை ஒன்றுக்கு −1, அடுத்ததற்கு −0.5, பிறகு 0, +0.5, +1 என்று வைத்து எல்லாவற்றையும் ஒரே திரையில் பரப்பிப் பாருங்கள். கான்ட்ராஸ்டை, அதாவது வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்ட வேண்டாம். இந்தக் கட்டத்தில் படம் சற்றுச் சப்பென்று இருப்பதே நல்லது, ஏனெனில் எங்கெங்கே விவரம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எதைப் பார்த்து முடிவு செய்வது? இருட்டறையில் இதற்கு ஒரு நல்ல விதி இருந்தது: நேரத்தை வெளுத்த பகுதிக்காகத் தீர்மானி, தாளின் கிரேடை (கான்ட்ராஸ்ட் தரத்தை) நிழலுக்காகத் தீர்மானி. அதாவது உப்புக் குவியல் வெள்ளையாகவும், அதே சமயம் படிகங்களின் சொரசொரப்பு தெரியும்படியும் இருக்கும் நகலை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்; முகத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படக் கூடாது. அதற்குப் பிறகு கான்ட்ராஸ்டை நகர்த்தி, சேலையின் கரிய மடிப்புகளும் வரப்பின் ஈர மண்ணும் எங்கே கறுப்பைத் தொட வேண்டும் என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முயன்றால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெட்டு, முடிவில்லாமல் சுற்ற நேரும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ‘ஸோன்’ முறை இங்கே கைகொடுக்கும். முழுக் கறுப்பை 0 என்றும் தாளின் வெண்மையை 10 என்றும் கொண்டால், 18 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் நடுத்தரச் சாம்பல் 5-ஆம் ஸோன். விவரம் தெரியும் நிழல் 3, சொரசொரப்பு தெரியும் வெண்மை 7 அல்லது 8. நம் படத்தில் உப்பு 8-இல் நிற்கட்டும், வானம் 5-க்கும் 6-க்கும் இடையில் இருக்கட்டும், இப்போது 3-இல் கிடக்கும் முகம் 4-க்கு வரட்டும் என்று எண்களாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதுவே இனி நீங்கள் செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

நிறத்தைச் சாம்பலாக்குவது

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இந்த முடிவை எடுக்கும்போதே எடுத்தாக வேண்டும்: லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் போட்டால் வானம் கொஞ்சம் இறங்கும், சிவப்பு போட்டால் மிகவும் இருண்டுவிடும். ராவில் எல்லா நிறமும் இருப்பதால் ஃபில்டரைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். கணினி இருட்டறையை வெல்லும் இடங்களில் இது முக்கியமானது. ஆனால் நீல ஸ்லைடரை ஒரேயடியாகக் கீழே இழுத்தால் வானத்தில் மணல் மணலாக இரைச்சல் எழும், தலைமுடியையும் சட்டியின் விளிம்பையும் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும். பாதி வேலையை இங்கே செய்துவிட்டு, மீதியைப் பர்னிங்குக்கு விட்டுவிடுங்கள்.

சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றை உயர்த்தினால் மாநிறத் தோலும் கரிய தோலும் உடனே வெளுக்கும். முகம் ‘தெளிவாகிவிட்டது’ என்ற நிறைவும் கிடைக்கும். உப்பளத்து வெயிலில் ஆண்டுக்கணக்காக உழைக்கும் ஒருவரின் முகத்தை 6-ஆம் ஸோனுக்கு ஏற்றுவது அவரை வேறொருவராக மாற்றுவதற்குச் சமம். எல்லோரையும் வெளுப்பாக்கித் தந்த ஸ்டூடியோ வழக்கத்தைக் கணினியிலும் தொடர வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கரிய தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது: கன்னமேட்டிலும் நெற்றி ஓரத்திலும் வியர்வையில் பட்டுத் திரும்பும் சிறு ஒளிகள். அந்த ஒளிகள் 6-ஐத் தொட, தோல் 4-இல் நின்றாலே முகம் முழுமையாகத் தெரியும்.

வரைபடம், டாட்ஜிங், பர்னிங்

இங்கேதான் படம் உங்களுடையதாகிறது. மவுசைத் தொடுவதற்கு முன், இதுவரை வந்த படத்தைச் சாதாரணத் தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பேனாவால் வட்டமிட்டு, எந்த இடத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எழுதுங்கள். மேக்னம் என்ற ஒளிப்பட நிறுவனத்தின் நியூயார்க் இருட்டறையில் நெடுங்காலம் அச்சிட்ட பாப்லோ இனிரியோ, டென்னிஸ் ஸ்டாக் 1955-இல் டைம்ஸ் சதுக்கத்தில் எடுத்த நடிகர் ஜேம்ஸ் டீனின் படத்துக்கு வரைந்த குறிப்பு பலரும் பார்த்திருக்கக்கூடியது: மழையில் நனைந்த தெருவும் கோட்டும் வானமும் வட்டங்களாலும் கோடுகளாலும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் விநாடிகள் எழுதப்பட்டிருக்கும். மறுபடி அச்சிடும்போது அதே படம் வர வேண்டும் என்பதற்காக வரையப்பட்டது அது. நமக்கு அதனினும் பெரிய பயன் உண்டு. என்ன செய்யப் போகிறோம் என்று தாளில் எழுத முடியாதவர், பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலும் என்ன செய்கிறோம் என்று அறிய மாட்டார்.

உப்பளப் படத்துக்கு என் குறிப்பு இப்படி இருக்கும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்குவது அல்லது பாதியாக்குவது): முகத்துக்கு அரை ஸ்டாப் டாட்ஜிங்; சட்டியைப் பிடித்த முன்கைக்குக் கால் ஸ்டாப்; வானத்தின் மேல் பாதிக்கு முக்கால் ஸ்டாப் பர்னிங், கீழே வரவர ஒன்றுமில்லாமல் கரைய வேண்டும்; உப்புக் குவியலின் வெயில் பக்கத்துக்குக் கால் ஸ்டாப்; வலது கீழ் மூலையில் கண்ணை இழுக்கும் நீரின் பளபளப்புக்கு அரை ஸ்டாப்.

இருட்டறையில் இது எப்படி நடந்தது என்பதை மனக்கண்ணில் பார்த்துவிட்டுச் செய்தால் கை சரியாக வரும். அடிப்படை நேரம் 16 விநாடி என்றால், கம்பியில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தை முகத்துக்கு மேலே ஏறக்குறைய 5 விநாடி பிடித்து ஒளியைத் தடுப்பார்கள். தாளில் ஒளி குறைந்தால் அந்த இடம் வெளுக்கும். முழு நேரமும் முடிந்த பிறகு, ஓட்டையிட்ட பெரிய அட்டையாலோ இரு கைகளாலோ மற்ற இடங்களை மறைத்து, வானத்துக்கு மட்டும் மேலும் 11 விநாடி கொடுப்பார்கள். அட்டையோ கையோ ஒரு நொடிகூட அசையாமல் நிற்காது. தாளுக்கும் லென்ஸுக்கும் நடுவே உயரத்தில் இருப்பதாலும், ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருப்பதாலும் அதன் நிழலுக்கு விளிம்பே இருக்காது. நல்ல அச்சில் எங்கே கை பட்டது என்று யாராலும் காட்ட முடியாததற்கு இதுவே காரணம்.

கணினியில் அதே விளைவைப் பெற, ஃபோட்டோஷாப்பின் டாட்ஜ், பர்ன் கருவிகளை நேரடியாகப் படத்தில் தேய்க்காதீர்கள். அவை மூலப் படத்தையே மாற்றிவிடும். படத்தின் மேல் இரண்டு கர்வ்ஸ் லேயர்களை, அதாவது வெளிச்சத்தை ஒரு வளைவால் மாற்றும் அடுக்குகளை, போடுங்கள். ஒன்றில் வளைவின் நடுவைச் சற்று மேலே தூக்குங்கள், மற்றதில் சற்றுக் கீழே இறக்குங்கள். இரண்டின் மாஸ்க்கையும் (மாற்றம் எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பை) முழுக் கறுப்பாக்கினால் இரண்டும் மறைந்துவிடும். இனி வெள்ளை நிறப் பிரஷ்ஷால் மாஸ்க்கில் வரைந்த இடத்தில் மட்டும் அந்த மாற்றம் வெளிப்படும். பிரஷ்ஷின் கடினத்தன்மையை 0-விலும் ஃப்ளோவை (ஒரு தேய்ப்பில் ஏறும் அளவை) 5 முதல் 10 சதவீதத்திலும் வைத்து, பல முறை மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுங்கள். கிம்ப்பில் நடுத்தரச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை ‘சாஃப்ட் லைட்’ முறையில் வைத்து, அதன் மேல் வெள்ளையாலும் கறுப்பாலும் வரைந்தால் இதே பயன் கிடைக்கும். லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் வரைந்த மாஸ்க்குக்குள் எக்ஸ்போஷரை நேராக ஸ்டாப் கணக்கிலேயே மாற்றலாம். வரைபடத்தில் எழுதிய எண்ணை அப்படியே இட முடிவதால் தொடக்கநிலையினருக்கு இந்த வழியே ஏற்றது.

முகத்தை டாட்ஜ் செய்யும்போது முழு முகத்தையும் சமமாகத் தூக்கினால் நிழல் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். பிரஷ்ஷைச் சிறிதாக்கி, வெயிலுக்குப் பக்கமாக இருக்கும் கன்னமேட்டிலும் மூக்குத் தண்டிலும் புருவத்துக்கு மேலும் மட்டும் ஏற்றுங்கள். தாடைக்குக் கீழும் கண்குழியிலும் இருக்கும் நிழலை அப்படியே விடுங்கள். அந்த நிழல்தான் சட்டி தலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்கிறது. கண்ணின் வெண்விழியைப் பளிச்சென்று ஆக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்; பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் துணியைவிடக் கண் வெளுத்திருந்தால் அது உடனே செயற்கையாகத் தெரியும்.

வானத்தை இறக்கும்போது வரும் தொல்லை, தலையைச் சுற்றித் தோன்றும் ஒளிவளையம். தலையின் விளிம்பு வரை கவனமாக இருட்டாக்கி, தலையைத் தொடாமல் விடுவதால் அது வருகிறது. இருட்டறையில் வானத்துக்குக் கொடுத்த கூடுதல் ஒளி தலையின் மேலும் சட்டியின் மேலும் சற்றுச் சிந்தியது, ஆகவே அவையும் கொஞ்சம் இருண்டன. நீங்களும் மேலிருந்து கீழாகக் கரையும் கிரேடியன்ட் ஒன்றை வானம், சட்டி, தலை எல்லாவற்றின் மேலும் இழுத்துவிட்டு, சட்டியையும் தலையையும் மெல்லிய பிரஷ்ஷால் பாதியளவு மட்டும் மீட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய மென்பொருள்கள் வானத்தையும் ஆளையும் தாமாகவே கண்டுபிடித்துத் தரும் மாஸ்க்குகள் வசதியானவைதாம், ஆனால் அவை முடியின் கடைசி இழை வரை துல்லியமாக வெட்டுவதால், முக்கால் ஸ்டாப் மாற்றம்கூடக் கத்தரித்து ஒட்டியதுபோல் ஆகிவிடும். அவற்றைப் பயன்படுத்தினால் விளிம்பை நன்றாகக் கரைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆடம்ஸின் நிலவுப் படம் நல்ல பாடம். 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல் எழும் நிலவை அவர் எடுத்த நெகட்டிவின் கீழ்ப்பகுதி அவர் விரும்பிய அளவுக்கு அடர்த்தி இல்லாமல் இருந்தது. 1948-இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். தொடக்க கால அச்சுகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரிகின்றன. பிற்கால அச்சுகளில் பர்னிங்கால் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிட்டது. வாழ்நாளில் 1,000-க்கும் மேற்பட்ட அச்சுகளை அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் எடுத்தார். அந்தக் கறுப்பு வானம் அன்றைய வானத்தின் நகலன்று. ஆனாலும் கல்லறைச் சிலுவைகளும் நிலவும் இருந்த இடத்தில் இருக்கின்றன, வெளிச்சம் வந்த திசையிலிருந்தே வருகிறது. டாட்ஜிங்கும் பர்னிங்கும் இந்த வரம்புக்குள் எவ்வளவு துணிவாகச் செய்யப்பட்டாலும் எனக்கு ஏற்புடையதே.

வானத்தையே மாற்றிவிடுவது வேறு கணக்கு. அதுவும் புதிதன்று: 1850-களின் ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கியதால் வானம் வெறுமையாகிவிடும் என்று, குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக் கலைஞர் தம் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு இன்னொன்றும் பயன்படுத்தினார். கற்பனைப் படம் என்று சொல்லியே செய்தால் அதில் குற்றமில்லை. ஒளியின் திசை மட்டும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். செய்தியாகவோ ஆவணமாகவோ வெளியாகும் படத்தில் மட்டும் இது கூடவே கூடாது. பெய்ரூட் நகரின் மேல் எழுந்த புகையை நகலெடுத்துப் பெருக்கிய படம் 2006-இல் வெளியானபோது ராய்ட்டர்ஸ் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று, எடுத்தவருடனான தொடர்பையே முறித்துக்கொண்டது. உப்பளப் படத்தை உழைப்பாளரின் வாழ்வைச் சொல்லும் படமாக வெளியிடுவதானால், வெளிச்சத்தைத் திருத்தலாம், தூசியை அகற்றலாம். பின்னால் நிற்கும் லாரியை அழிக்கக் கூடாது.

தூசி, கூர்மை

சென்சார் தூசி வானத்தில் மங்கலான வட்டங்களாகத் தெரியும். 100 சதவீத அளவில் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக வரிசையாகப் பார்த்துக்கொண்டு போய், தனி லேயரில் ஹீலிங் பிரஷ்ஷால் அகற்றுங்கள். இருட்டறைக்காரர்கள் மிக மெல்லிய தூரிகையில் சாயம் தொட்டுப் புள்ளி புள்ளியாக மூடிய வேலை இது. கணினியில் ஒரு முறை செய்தால் எல்லா அச்சுக்கும் செல்லும்.

கூர்மையாக்கும் ‘அன்ஷார்ப் மாஸ்க்’ கருவியும் இருட்டறையிலிருந்து வந்ததுதான். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு மெல்லிய பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அச்சிட்டால் விளிம்புகள் தூக்கலாகத் தெரியும். கணினியில் ரேடியஸை 1 பிக்ஸலுக்கு அருகில் வைத்துத் தொடங்குங்கள். உப்புப் படிகங்களுக்கும் சேலையின் நெசவுக்கும் கூர்மை தேவை, வானத்துக்கும் தோலுக்கும் தேவையில்லை. ஆகவே இதையும் மாஸ்க் வைத்தே செய்யுங்கள்.

தாளில் இறக்குவது

நார்த்தாளில் எடுத்த அச்சு ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருந்து, உலர்ந்ததும் சற்று இருண்டுவிடும். அதனால் சோதனைத் துண்டை மைக்ரோவேவ் அடுப்பில் உலர்த்திப் பார்த்துவிட்டு நேரத்தைக் குறைத்த அச்சுக்காரர்களும் உண்டு. ஒளிரும் திரையிலிருந்து ஒளிராத தாளுக்குப் போகும்போதும் இதே இழப்பு நேர்கிறது. எனவே முடித்த படத்தை அன்றே அச்சுக்கு அனுப்பாமல், கோப்பை மூடிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். பெரும்பாலான படங்களில் டாட்ஜிங், பர்னிங் லேயர்களின் ஒபாசிட்டியை (அடர்வை) நான்கில் ஒரு பங்கு குறைக்கத் தோன்றும்; தோன்றினால் குறைத்துவிடுங்கள்.

24 மெகாபிக்ஸல் கோப்பு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 20 அங்குல அகலம் வரை தாராளமாக அச்சாகும். பளபளப்பான பரைட்டா வகைத் தாள் ஆழ்ந்த கறுப்பைத் தரும். மேட் தாளில் கறுப்பு அந்த ஆழத்துக்கு இறங்காது, ஆகவே சேலை மடிப்பின் நிழல்களை மேட் தாளுக்காகச் சற்றுத் திறந்துவிட வேண்டியிருக்கும். முழு அளவில் அச்சிடும் முன், முகமும் உப்புக் குவியலின் ஒரு பகுதியும் சேர்ந்து வரும் துண்டை மட்டும் இறுதி அளவிலேயே ஒரு சிறு தாளில் அச்சிட்டு, படம் மாட்டப்படப் போகும் இடத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கலர் லேபில் கொடுத்து எடுப்பவர்கள், எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் கோப்பைச் சேமித்துக் கொடுத்து, ‘ஆட்டோ கரெக்‌ஷன்’ எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கவனமாக இறக்கிய வானத்தை இயந்திரம் தன் கணக்குக்கு மீண்டும் வெளுப்பாக்கிவிடும். கலர் தாளில் அச்சாகும் கறுப்பு வெள்ளைப் படத்தில் இலேசாகப் பச்சையோ சிவப்போ ஏறியிருக்கிறதா என்பதையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

இறுதியாகச் சேமிக்கும்போது லேயர்களை ஒன்றாக்கிவிடாமல் 16 பிட் டிஃப் கோப்பாகவோ மென்பொருளின் சொந்தக் கோப்பாகவோ வையுங்கள். ரா கோப்பு, இந்த லேயர் கோப்பு, பேனாவால் எழுதிய வரைபடத்தை மொபைலில் எடுத்த படம் ஆகிய மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, இரண்டு வெவ்வேறு வட்டுகளில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அச்சின் பின்புறம் தாளின் பெயரையும் பிரிண்டர் அமைப்புகளையும் தேதியையும் மென்பென்சிலால் எழுதி வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே படத்தை மறுபடி அச்சிட விரும்பினால், பழைய லேயர்களைத் திறக்காமல் ராவிலிருந்து தொடங்கி, சோதனைத் துண்டையும் புதிதாகவே எடுங்கள்; புது அச்சு முடிந்த பிறகு பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொள்ளலாம்.